மகள் 9ஆம் வகுப்பு முடிக்கிறாள். கல்லூரிகளைப் பார்க்க எப்போது கிளம்புவது?

பிரிட்ஜ்வாட்டர் அப்பா:

எல்லோருக்கும் வணக்கம். நியூஜெர்சியில் பிரிட்ஜ்வாட்டர் பக்கம் இருக்கிறோம். மகள் இந்த ஜூனில் 9ஆம் வகுப்பு முடிக்கிறாள். கல்லூரி பார்க்க எப்போது போவது என்று வீட்டில் கொஞ்ச நாளாக இதே பேச்சுதான்.

எங்கள் நட்பு வட்டத்தில் இரண்டு குடும்பங்கள் போன கோடையிலேயே 8ஆம் வகுப்புப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பாஸ்டன் போய் வந்துவிட்டார்கள். ஹார்வர்ட், எம்ஐடி இரண்டிலும் டூர், ஜான் ஹார்வர்ட் சிலையின் காலைத் தொட்டபடி ஒரு படம். அந்தப் படங்களை வாட்ஸ்அப்பில் பார்த்ததிலிருந்து, நாம் பின்தங்கிவிட்டோமோ என்று என் மனைவிக்குக் கவலை. இந்த ஜூலையிலேயே போகலாம் என்கிறாள். சிகாகோவில் இருக்கும் என் சகலை நேர் எதிர். இடம் கிடைத்த பிறகு போய்ப் பார்த்தால் போதும், அதுவரை எல்லாம் வெட்டிச் செலவு என்கிறார்.

நடுவில் இன்னொன்று. ஆகஸ்டில் திருச்சியில் மாமனாருக்கு சதாபிஷேகம். ஊருக்குப் போனால் என் லீவு முழுவதும் அதிலேயே தீர்ந்துவிடும். கல்லூரி சுற்றுவதற்கு ஒரு நாள்கூட மிஞ்சாது.

மகளுக்கு உயிரியல் பிடிக்கும். கையில் பென்சில் இருந்தால் ஏதாவது வரைந்துகொண்டே இருப்பாள். பள்ளியில் தவளையை அறுத்துப் பார்த்த அன்று வீட்டுக்கு வந்து, சாப்பிடக்கூட இறங்காமல் அதன் பின்னங்காலைத் தசை தசையாக வரைந்து முடித்தாள். என்ன படிக்கப் போகிறாய் என்று கேட்டால் மட்டும் "தெரியலப்பா" என்பாள்.

எந்த வகுப்பில் தொடங்குவது சரி? நேரில் போனால் அட்மிஷனுக்கு ஏதாவது பயன் உண்டா? பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பியவர்கள் சொன்னால் நிம்மதியாக இருக்கும்.

கொலம்பஸ்காரர்:

உங்கள் சகலை கட்சிதான் நானும். எங்கள் பையன் விண்ணப்பித்த கல்லூரிகளில் பாதிக்குமேல் இணையத்திலேயே பார்த்தோம். மார்ச் கடைசிக்குள் முடிவுகள் எல்லாம் வந்துவிட்டன. கையில் இருந்த இடங்களில் மூன்றை மட்டும் ஏப்ரலில் நேரில் போய்ப் பார்த்தோம். அந்த மாதத்தில் இடம் கிடைத்த பிள்ளைகளுக்கென்றே தனி நாள் வைத்து, பேராசிரியர்களையும் பழைய மாணவர்களையும் கூட்டிவந்து பேசவைக்கிறார்கள். மே 1க்குள் பதில் சொன்னால் போதும். கிடைக்குமா கிடைக்காதா என்று தெரியாத இடத்துக்கு விமான டிக்கெட்டும் ஹோட்டலும் போட்டுப் பிள்ளையை ஆசை காட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. இரண்டு பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இந்தச் செலவு சும்மா இல்லை.

ராரிட்டன் கரை:

வணக்கம் தம்பி. உங்களைவிட மூத்தவள் என்ற உரிமையில் தம்பி என்கிறேன்.

முதலில் திருச்சிக்கு டிக்கெட் எடுங்கள். மகள் இந்தக் கோடையில் ஒரு கல்லூரியும் பார்க்காவிட்டால் அவளுக்கு ஒன்றும் குறைந்துவிடாது. இதை உங்கள் மனைவியிடமும் சொல்லுங்கள். இன்னும் இரண்டு வருடம் கழித்து, 11 முடித்த கோடையில், ஊருக்குப் போக நினைத்தாலும் முடியாது. ஆகஸ்ட் 1 அன்று, பல கல்லூரிகளுக்கு ஒரே இடத்தில் விண்ணப்பிக்கும் காமன் ஆப் தளம் திறந்துவிடும், கட்டுரை எழுதுகிற வேலை தலைக்குமேல் இருக்கும். தாத்தா பாட்டியோடு அவள் நிதானமாக இருக்கக்கூடிய கோடை இதுதான்.

என் பிள்ளைகள் இருவரும் எடிசனில் படித்தவர்கள். மூத்தவள் போனது பெரிய மாநிலப் பல்கலைக்கழகம். இளையவன் போனது இரண்டாயிரம் பேர்கூட இல்லாத சிறிய கல்லூரி. அதனால் இரண்டு விதமும் எனக்குத் தெரியும். கல்லூரி பார்ப்பதில் இரண்டு வேலை இருக்கிறது, அந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் 8ஆம் வகுப்பா, ஏப்ரலா என்ற சண்டையே வருகிறது. எந்த மாதிரி இடம் பிள்ளைக்குப் பொருந்தும் என்று பார்ப்பது ஒரு வேலை. அதை 10ஆம் வகுப்பில், வீட்டுக்குப் பக்கத்திலேயே செய்துவிடலாம். அந்த மாதிரி இடங்களில் எதற்கெல்லாம் விண்ணப்பிப்பது என்று பார்ப்பது இன்னொரு வேலை. அதற்கு 11ஆம் வகுப்பின் இரண்டாம் பாதி வரவேண்டும்.

ஏன் 11 என்றால், அதற்கு முன்னால் கையில் ஒன்றும் இருக்காது. எஸ்ஏடிக்கு முன்னோட்டமான பிஎஸ்ஏடி தேர்வை அக்டோபரில் எழுதுவாள். குளிர்காலம் முடிவதற்குள் கல்லூரி விண்ணப்பத்துக்கான எஸ்ஏடி தேர்வை ஒரு தடவையாவது எழுதியிருப்பாள், இரண்டரை வருட மதிப்பெண் தெரிந்திருக்கும், பள்ளிக் கவுன்சலரும் உட்கார்ந்து ஒரு பட்டியல் போட்டிருப்பார். எட்டக்கூடியது எது, எட்டாதது எது என்று அப்போதுதான் ஓரளவு சொல்ல முடியும். 8ஆம் வகுப்பில் ஹார்வர்ட் போன பிள்ளைக்கு அந்தப் பெயர் மட்டும் மனதில் உட்கார்ந்துவிடுகிறது. அப்புறம் மூன்று வருடம் வேறு எந்த இடத்தைப் பார்த்தாலும் அது ஒரு படி கீழே என்றுதான் தோன்றும். எங்கள் பக்கத்திலேயே அப்படி ஒரு பையனைப் பார்த்தேன். மிக நல்ல ஒரு இடம் கிடைத்தும் அவன் முகத்தில் சந்தோஷமே இல்லை. எனக்கு அது மனதை அறுத்தது.

சரி, 10ஆம் வகுப்பில் என்ன செய்வது? நீங்கள் இருக்கும் இடத்திலிருந்து நம் மாநிலப் பல்கலைக்கழகமான ரட்கர்ஸ் அரை மணி நேரம்தான். இளநிலை மாணவர்கள் மட்டும் 35 ஆயிரத்துக்கு மேல். அதிகாரபூர்வ டூருக்குப் பதிவு செய்யுங்கள், ஆனால் அதோடு திரும்பிவிடாதீர்கள். வகுப்பு நடக்கும் ஒரு நாளில், வகுப்பு விட்டு அடுத்த வகுப்பு தொடங்கும் அந்தக் கொஞ்ச நேரத்தில் மகளோடு கேம்பஸ் பஸ்ஸில் ஏறுங்கள். உயிரியல் கட்டடங்கள் ராரிட்டன் ஆற்றுக்கு அந்தப் பக்கம் பிஸ்கட்டவேயில், புஷ் கேம்பஸில். மேசன் கிராஸ் கலைப்பள்ளியின் ஓவிய வகுப்புகள் இந்தப் பக்கம் நியூ பிரன்ஸ்விக் டவுன்டவுனில். உங்கள் மகள் இரண்டையும் எடுத்தால் ராரிட்டனைத் தினமும் தாண்டவேண்டும். பிப்ரவரிக் குளிரில் என் மகளோடு அந்த பஸ் நிறுத்தத்தில் நின்றேன். முதல் பஸ் நிரம்பிப் போய்விட்டது, அடுத்ததில் முதுகுப்பைகளுக்கு நடுவே நெருக்கிக்கொண்டு ஏறினோம். எனக்கு மூச்சு முட்டியது. அவள் முகத்தைப் பார்த்தால் ஒரே மலர்ச்சி. "இவ்ளோ பேர் இருக்காங்கம்மா!" என்றாள். அவளுக்குப் பெரிய இடம்தான் சரி என்று அன்றைக்கே எனக்கு விளங்கிவிட்டது. அந்த பஸ்ஸை எந்த டூரிலும் காட்ட மாட்டார்கள்.

அதே குளிர்காலத்தில் ஸ்வார்த்மோர் மாதிரி ஒரு சிறிய கல்லூரியையும் பாருங்கள். பிலடெல்பியாவிலிருந்து புறநகர் ரயிலில் போனால் கேம்பஸ் வாசலிலேயே இறங்கலாம். மொத்தம் 1,700 பேர் அளவுதான். அப்புறம் பிலடெல்பியாவிலேயே டிரெக்ஸல் பல்கலைக்கழகம். நகரத்தின் நடுவில், படிப்போடு மாதக்கணக்கில் வேலையும் பார்க்கிற கோஆப் முறை. பெரியது, சிறியது, நகரத்துக்குள் இருப்பது மூன்றும் காரில் போய் மாலைக்குள் வீடு திரும்புகிற தூரம். விண்ணப்பிக்கப் போகிறாளா இல்லையா என்பது இப்போதைக்குப் பொருட்டே இல்லை. கொலம்பஸ் அண்ணா சொல்லும் செலவுப் பிரச்சினையும் இதில் வராது. பெட்ரோலும் மதியச் சாப்பாடும்தான்.

தேதி விஷயத்தில் கொஞ்சம் யோசித்துச் செய்யவேண்டும். பெரும்பாலான குடும்பங்கள் ஜூலையில் போகின்றன, அப்போது கேம்பஸில் மாணவர்களே இருக்க மாட்டார்கள். கட்டடங்களையும் மற்ற பெற்றோர்களையும் பார்த்துவிட்டு வரலாம், அவ்வளவுதான். நியூஜெர்சிக்காரர்களுக்கு நல்ல வாய்ப்புகள் மூன்று உண்டு. ஒன்று ஆகஸ்ட் கடைசி வாரம். நம் பள்ளிகளில் பல செப்டம்பர் தொடக்கத்தில் வரும் லேபர் டேக்குப் பிறகுதான் திறக்கும், ஆனால் பென் ஸ்டேட், பர்டூ போன்ற இடங்களில் அதற்குள் வகுப்புகள் தொடங்கியிருக்கும். இரண்டாவது, நவம்பர் தொடக்கத்தில் ஆசிரியர் சங்க மாநாட்டுக்காக வியாழன், வெள்ளி பள்ளிக்கு விடுமுறை வருமே, அது. மற்ற மாநிலங்களில் அன்று எல்லாம் வழக்கம்போல நடக்கும். மூன்றாவது ஸ்பிரிங் பிரேக். நம் பள்ளிகளுக்கு அது ஏப்ரலில் விழுந்தால் யோகம், ஏனென்றால் கல்லூரிகளின் விடுமுறை பெரும்பாலும் மார்ச்சிலேயே முடிந்திருக்கும். எதற்கும் கல்லூரி காலண்டரைப் பார்த்துவிட்டுப் பதிவு செய்யுங்கள். மே மாதம் நம் பிள்ளைகளுக்கு ஏபி தேர்வு (பள்ளியிலேயே எழுதும் கல்லூரித் தரத் தேர்வு), அவர்களுக்கு செமஸ்டர் தேர்வு, அதை விட்டுவிடலாம். கலிபோர்னியா மட்டும் விதிவிலக்கு. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் (யுசி) கல்லூரிகளில் பெர்க்லியும் மெர்செடும் தவிர மற்றவை வருடத்தைச் சிறு பருவங்களாகப் பிரிக்கும் குவார்ட்டர் முறை, ஜூன் தொடக்கம் வரை வகுப்புகள் இருக்கும்.

நேரில் போனால் பயன் உண்டா என்று கேட்டிருந்தீர்கள். கல்லூரியைப் பொறுத்தது. பெரும்பாலான கல்லூரிகள் காமன் டேட்டா செட் என்று ஓர் ஆவணம் வெளியிடும். கல்லூரிப் பெயரோடு சேர்த்துத் தேடினால் கிடைக்கும். அதில் சி7 என்ற பகுதியில், அட்மிஷனில் எதை எதை எவ்வளவு பார்க்கிறோம் என்று கட்டம் போட்டிருப்பார்கள். விண்ணப்பிப்பவர் காட்டும் ஆர்வம் என்று அதில் ஒரு வரி இருக்கும். ஹார்வர்ட், எம்ஐடி, ஸ்டான்போர்ட், யுசி இவையெல்லாம் அதைக் கணக்கில் எடுப்பதில்லை. சிலையின் காலைத் தொட்டாலும் தொடாவிட்டாலும் ஒன்றுதான். நடுத்தர அளவிலான தனியார் கல்லூரிகளில் பல இதைக் கவனிக்கின்றன. அங்கேயும் நேரில் வந்தால்தான் ஆர்வம் என்று பிடிவாதம் பிடிப்பதில்லை. இணையக் கூட்டத்தில் கலந்துகொள்வது, கல்லூரி ஆள் உங்கள் பள்ளிக்கு வரும்போது போய்ப் பேசுவது எல்லாம் கணக்கில் சேரும். ஒன்று மட்டும் மறக்காதீர்கள். எதற்குப் பதிவு செய்தாலும் மகள் பெயரில், மகள் மின்னஞ்சலில் செய்யுங்கள். அப்பா பெயரில் பதிந்தால் அவர்கள் பட்டியலில் அப்பாதான் ஆர்வமுள்ளவர்.

பணத்தைப் பற்றிக் கொஞ்சம் அழுத்திச் சொல்லவேண்டும். மத்திய அரசு உதவி பெறும் கல்லூரிகள் எல்லாம் 2011 முதல் உதவித்தொகை போக நாம் கட்டவேண்டியதைக் கணக்கிடும் நெட் பிரைஸ் கால்குலேட்டரைத் தங்கள் தளத்தில் வைத்திருக்கவேண்டும் என்பது சட்டம். எந்தக் கல்லூரிக்குக் காரைக் கிளப்புவதற்கு முந்தின இரவும் அப்பாவும் அம்மாவும் உட்கார்ந்து அதில் உங்கள் வருமானத்தைப் போட்டுப் பாருங்கள். வருகிற தொகை கட்டவே முடியாதது என்றால் அதை மகளிடம் போவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். பிள்ளை ஒரு இடத்தில் மனதை வைத்த பிறகு சொல்வது பெரிய வேதனை. இன்னொன்று, மத்திய அரசின் கல்வி உதவி கேட்கும் எஃப்ஏஎஃப்எஸ்ஏ படிவம் பார்ப்பது இரண்டு வருடம் பழைய வருமானத்தை. மகள் 10ஆம் வகுப்பில் இருக்கும்போது பிறக்கும் ஜனவரியிலிருந்து 11ஆம் வகுப்பின் டிசம்பர் வரைதான் முதல் வருடக் கணக்கு. பங்கு விற்பது மாதிரி ஏதாவது திட்டம் இருந்தால் இப்போதே யோசித்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக உங்கள் மகளைப் பற்றி. தவளைக் காலை வரைந்த பிள்ளைக்கு என்ன படிப்பது என்று தெரியவில்லை என்கிறீர்கள். மருத்துவப் படம் வரைவதற்கென்றே படிப்பு இருக்கிறது, அவளுக்குத் தெரியுமா? ராச்செஸ்டரில் ஆர்ஐடியில் (ராச்செஸ்டர் தொழில்நுட்பக் கழகம்) இளநிலைப் பட்டமாகவே அது உண்டு. பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவப் பள்ளியில் 1911லேயே இதற்கென ஒரு துறை தொடங்கிவிட்டார்கள், அது முதுநிலை. இதைத்தான் படிக்கவேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. அவள் கையில் இருப்பதற்கு உலகத்தில் ஒரு இடம் இருக்கிறது என்று தெரிந்தால் கேம்பஸில் நடக்கும்போது அவள் கண் வேறு மாதிரி பார்க்கும்.

கோவைப் பையன்:

வணக்கம் அங்கிள். நான் கோவையில் 7ஆம் வகுப்பு வரை படித்துவிட்டு இங்கே வந்தேன். இப்போது ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டு. அட்மிஷன் அலுவலகத்தில் டூர் கைடாக இருக்கிறேன், அதனால் உள்ளே இருந்து பார்த்ததைச் சொல்கிறேன்.

முதல் ஒரு மணி நேரம் அலுவலகத்தில் தகவல் கூட்டம், அடுத்த ஒன்றேகால் மணி நேரம் எங்களோடு நடை. எந்த வழியாகப் போவது என்று அலுவலகம்தான் முடிவு செய்யும். நாங்கள் காட்டும் விடுதி அறை காட்டுவதற்காகவே வைத்திருக்கும் அறை. நாங்கள் பொய் சொல்வதில்லை, ஆனால் கேட்டால்தான் சில விஷயங்கள் வெளியே வரும். "வகுப்பில் எத்தனை பேர்?" என்று எல்லோரும் கேட்பார்கள், அதற்கு மனப்பாடமாகப் பதில் இருக்கும். அதைவிட, "போன செமஸ்டர் நீங்கள் கேட்ட வகுப்புகளில் எத்தனை கிடைத்தது?" என்று கேட்கச் சொல்லுங்கள். "உடம்பு சரியில்லாமல் போனபோது யாரிடம் போனீர்கள்?" என்று கேட்கலாம். "வார இறுதியில் எத்தனை பேர் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள்?" என்றும் கேட்கலாம். இதற்கெல்லாம் எங்கள் சொந்த வாழ்க்கையிலிருந்துதான் பதில் சொல்லவேண்டியிருக்கும்.

டூர் முடிந்ததும் பாதிப் பேர் நேராக பார்க்கிங்குக்குப் போய்விடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். மாணவர்கள் சாப்பிடும் டைனிங் ஹாலில் காசு கொடுத்துச் சாப்பிடுங்கள். பிறகு உங்கள் மகளுக்குப் பிடித்த துறையின் கட்டடத்துக்கு நீங்களாகவே போங்கள். உயிரியல் துறை என்றால் நடைபாதைச் சுவரில் ஆய்வு போஸ்டர்கள் ஒட்டியிருக்கும். அதில் பெயர்களைப் பாருங்கள், இளநிலை மாணவர்கள் இருக்கிறார்களா, எல்லாம் பிஎச்டி மாணவர்களா? ஆண்டையும் பாருங்கள். நான்கைந்து வருடம் பழைய போஸ்டர்கள் மட்டும் இருந்தால் அதற்குக் காரணம் கேட்கலாம். ஆபீஸில் இருப்பவரிடம் ஒரு வகுப்பில் பின்னால் உட்கார்ந்து கேட்க அனுமதி உண்டா என்றும் விசாரிக்கலாம். சில இடங்களில் அட்மிஷன் அலுவலகமே முன்கூட்டி ஏற்பாடு செய்யும்.

இன்னொரு விஷயம், இது நம் ஊர்ப் பிள்ளைகள் பலருக்கும் பொருந்தும். உள்ளே வந்த பிறகு மேஜரை, அதாவது முதன்மைப் பாடத்தை, மாற்றிக்கொள்ளலாமா என்று துறையில் கேட்டுவிடுங்கள். கம்ப்யூட்டர் சயின்ஸில் இது பெரிய பிரச்சினை. சியாட்டிலில் இருக்கும் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் 12ஆம் வகுப்பில் விண்ணப்பிக்கும்போதே நேராக அந்த மேஜருக்கு எடுக்கிறார்கள். வேறு துறையில் சேர்ந்துவிட்டு அப்புறம் மாறுவது மிகக் கடினம். நர்சிங்கிலும் பல இடங்களில் இப்படித்தான்.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். கேள்விகளைப் பிள்ளை கேட்கட்டும். அப்பாவே எல்லாக் கேள்வியும் கேட்கும் குழுவில் பிள்ளை மெதுவாகப் பின்வரிசைக்குப் போய்விடுவதை நான் அடிக்கடி பார்க்கிறேன். அவர்களோடு எனக்குப் பேசவேண்டும் போல இருக்கும், வாய்ப்பே கிடைக்காது.

டல்லஸ் தமிழன்:

எல்லோரும் சொன்னது நன்றாக இருக்கிறது. நம்மில் பலர் வீட்டில் பிள்ளைகள் எச்4 விசாவில் (எச்1பி வேலை விசாக்காரர்களின் குடும்பத்துக்கானது) இருக்கிறார்கள், அதைப் பற்றி யாரும் பேசவில்லையே என்று எழுதுகிறேன். பிரிட்ஜ்வாட்டர் நண்பருக்கு இது பொருந்துமா தெரியாது, படிக்கும் மற்றவர்களுக்கு உதவட்டும்.

எச்4 பிள்ளைகளுக்கு மத்திய அரசின் கல்வி உதவி கிடையாது. 21 வயதில் அந்த விசாவும் முடிந்துவிடும், படிப்பின் நடுவில் எஃப்1 மாணவர் விசாவுக்கு மாறவேண்டி வரலாம். மாநிலத்தில் வசிப்பவர்களுக்கான குறைந்த கட்டணம், அதாவது மாநிலக் கட்டணம், கிடைக்குமா என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். டெக்சஸில் எச்4 குடும்பங்கள் இங்கே வசிப்பிடத்தை நிரூபித்தால் மாநிலக் கட்டணம் உண்டு. வேறு மாநிலங்களில் அப்படியே இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். நாங்கள் பார்த்த ஒரு கல்லூரியில் அலுவலகத்தில் இருந்தவர் "கவலைப்படாதீங்க, கிடைக்கும்" என்று வாயால் சொன்னார். பிறகு வந்த கடிதத்தில் வெளிநாட்டு மாணவர் கட்டணம் இருந்தது. அதற்கப்புறம் மின்னஞ்சலில் எழுதிக் கேட்டுப் பதில் வாங்காமல் எந்தக் கல்லூரிக்கும் நாங்கள் கிளம்பவில்லை. உங்கள் விசா பெயரைக் குறிப்பிட்டு, வசிப்பிடத்தை முடிவு செய்யும் அலுவலகத்துக்கே எழுதுங்கள், அட்மிஷன் ஆட்களுக்கு இது முழுவதும் தெரிந்திருப்பதில்லை.

நல்ல செய்தியும் உண்டு. ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்ஐடி, ஆம்ஹெர்ஸ்ட் இங்கெல்லாம் குடியுரிமை எதுவாக இருந்தாலும் பண வசதியைப் பார்க்காமல் எடுத்து, தேவைக்கு ஏற்ற உதவியும் கொடுக்கிறார்கள். அங்கே இடம் கிடைப்பது மிகக் கடினம், ஆனாலும் பட்டியல் போடும்போது இதைத் தெரிந்துகொண்டு போடலாம். அதேபோல வருமானம் குறைந்த வீட்டுப் பிள்ளைகளையும், குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போகிறவர்களையும் தங்கள் செலவிலேயே விமானத்தில் வரவழைத்துக் கேம்பஸைக் காட்டும் கல்லூரிகள் நிறைய உண்டு. பெரும்பாலும் 12ஆம் வகுப்பின் தொடக்கத்தில் நடக்கும், விண்ணப்பம் அதற்கு முந்தைய கோடையில். சில இடங்களில் குடியுரிமை நிபந்தனை இருக்கும், படித்துப் பாருங்கள்.

பிரிட்ஜ்வாட்டர் அப்பா:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. ராரிட்டன் அக்கா, நீங்கள் எழுதியதை மனைவியும் நானும் சேர்ந்து படித்தோம். அவளுக்கு இருந்த பதற்றம் பாதியாகக் குறைந்துவிட்டது. திருச்சி டிக்கெட் போட்டாயிற்று. மருத்துவப் படம் என்று சொன்னீர்களே, அதை மகளிடம் சொன்னேன். இரவு வெகுநேரம் ஆர்ஐடி மாணவர்கள் வரைந்த படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காலையில் அவளே வந்து ராச்செஸ்டர் எவ்வளவு தூரம் என்று கேட்டாள்!

இன்னும் இரண்டு சந்தேகம். ராச்செஸ்டருக்கு இப்போதே கூட்டிப் போகலாமா, அவளே ஆசைப்படுகிறாளே? அப்புறம், எர்லி டிசிஷன் என்கிறார்களே, அதற்கும் நீங்கள் சொன்ன கால அட்டவணை சரிவருமா? கொலம்பஸ் அண்ணா சொன்ன ஏப்ரல் அதில் வராது போலிருக்கிறதே.

ராரிட்டன் கரை:

தம்பி, படித்ததும் சந்தோஷமாக இருந்தது. பிள்ளையே தூரம் கேட்டாள் என்றால் நான் முன்பு சொன்ன கணக்கைக் கொஞ்சம் தளர்த்திக்கொள்ளலாம். பெற்றோர் இழுத்துக்கொண்டு போவதற்குத்தான் 9ஆம் வகுப்பு சீக்கிரம். ஆனாலும் இந்த ஜூனில் வேண்டாம், வெறும் கேம்பஸைத்தான் பார்ப்பாள். 10ஆம் வகுப்பில் நவம்பரில் வரும் அந்த வியாழன், வெள்ளியை வைத்துக்கொள்ளுங்கள். காரில் ஐந்தாறு மணி நேரம் ஆகும். முதல் நாள் மதியம் கிளம்பினால் வெள்ளியன்று வகுப்புகள் நடக்கும்போது அங்கே இருக்கலாம். அதற்கு முன்னால் அவளையே அந்தத் துறைக்கு ஒரு மின்னஞ்சல் எழுதச் சொல்லுங்கள். 10ஆம் வகுப்பு மாணவி, உயிரியலும் வரைவதும் பிடிக்கும், ஸ்டுடியோ வகுப்பு ஒன்றைப் பார்க்க முடியுமா என்று நான்கு வரி போதும். நீங்கள் திருத்தாதீர்கள். தவளைப் படத்தையும் எடுத்துக்கொண்டு போகட்டும். கலைப் பள்ளிகளில் விண்ணப்பத்தோடு படங்களின் தொகுப்பு கேட்பார்கள். எந்த மாதிரி படம் சேர்க்கவேண்டும் என்று ஒரு ஆசிரியர் வாயாலேயே 10ஆம் வகுப்பில் கேட்டுவிட்டால் தயார் செய்ய இரண்டு வருடம் கிடைக்கும். உங்கள் மகள் விஷயத்தில் கொஞ்சம் முன்னால் போவதற்கு இது ஒரு நல்ல காரணம்.

எர்லி டிசிஷன் பற்றி நீங்கள் நினைத்தது சரி, அதில் ஏப்ரல் கிடையாது. பெரும்பாலும் நவம்பர் 1 கடைசித் தேதி, பதில் டிசம்பர் நடுவில். கிடைத்தால் மற்ற விண்ணப்பங்களை எல்லாம் திரும்பப் பெற்றுக்கொண்டு அங்கேயே சேருவோம் என்று மகளும் நீங்களும் கவுன்சலரும் கையெழுத்துப் போடுகிறீர்கள். கொடுக்கும் நிதி உதவி போதாது என்றால் மட்டும் விலகலாம். மற்ற கல்லூரிகளின் உதவித் தொகையோடு ஒப்பிட்டுப் பார்க்க வழியில்லை. ஆகவே எர்லி டிசிஷன் போடுவதாக இருந்தால் அந்த ஒரு கல்லூரியை நேரில் பார்க்காமல் போடாதீர்கள். 11ஆம் வகுப்பு ஏப்ரலில் ஒரு தடவை பார்த்துவிட்டு, 12ஆம் வகுப்பின் செப்டம்பர் அல்லது அக்டோபரில் இன்னொரு தடவை போவது நல்லது. இரண்டாவது தடவை டூர் வேண்டாம். ஒரு வகுப்பில் உட்காரட்டும், அனுமதித்தால் ஒரு மாணவியோடு இரவு விடுதியில் தங்கட்டும். 11, 12ஆம் வகுப்புப் பிள்ளைகள் கல்லூரி பார்க்கப் போகும் நாளைப் பல பள்ளிகள் ஆப்சென்ட்டாகக் கணக்கெடுப்பதில்லை. கவுன்சலர் அலுவலகத்தில் அதற்குப் படிவம் இருக்கும், கல்லூரியிலிருந்து வந்து போனதற்கு ஒரு சீட்டு வாங்கிவரவேண்டும்.

எர்லி டிசிஷன் போடவில்லை என்றால் கொலம்பஸ் அண்ணாவின் ஏப்ரலை நானும் வழிமொழிகிறேன். 12ஆம் வகுப்பு ஏப்ரலுக்கென்று உங்கள் லீவில் மூன்று நான்கு நாளை எடுத்து வையுங்கள், மனைவியின் லீவிலும் வையுங்கள். முடிவு வருவதும் மே 1 வருவதும் கண்மூடித் திறப்பதற்குள் நடந்துவிடும்.

ராச்செஸ்டரிலிருந்து திரும்பும் வழியில் இதாக்கா கொஞ்சம் சுற்றுவழிதான். அங்கே இருக்கும் கார்னெல் பல்கலைக்கழக கேம்பஸையும் ஒரு மணி நேரம் நடந்து பார்த்துவிட்டு வரலாம். குன்றும் அருவியுமாக இருக்கும், நவம்பரில் காற்று சில்லென்று அடிக்கும், நல்ல கோட்டாக எடுத்துப் போங்கள். காரில் வரும்போது எப்படி இருந்தது என்று நீங்களாகக் கேட்காதீர்கள். அவளே ஆரம்பிக்கட்டும். மாமனாருக்கு என் நமஸ்காரம் சொல்லுங்கள்.